மருந்து வரும் முன்பே அளந்து வைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குழந்தைகளைத் தாக்கும் அரிய நரம்பு, தசை நோய்களுக்குப் புதிய மருந்து வந்தால் நாளிதழ்கள் அதற்கு முதல் பக்கத்தில் இடம் கொடுக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மருந்து வேலை செய்கிறது என்பது எப்படித் தெரிந்தது, அதே நோய்க்கு அதற்கு முன் வந்த மருந்துகள் ஏன் தோற்றன, இன்னும் மருந்தே இல்லாத நோய்களில் இப்போது என்ன செய்ய முடியும் என்பவை செய்தியில் வருவதில்லை. குழந்தை நரம்பியல், மரபணு ஆலோசனை, பிசியோதெரபி ஆகிய துறைகளில் வேலை பார்க்கும் நாங்கள் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுவது அதற்காகத்தான்.

மருந்து இல்லாத நோயிலும் குழந்தையின் நிலையை ஒரே முறையில் அளந்து, தேதி போட்டு, எழுதி வைப்பது ஆராய்ச்சியில் பாதி வேலை. எந்த மரபணுவில் என்ன பிழை என்று துல்லியமாகக் கண்டுபிடிப்பது இன்னொரு பாதி. இவை இரண்டும் இல்லாத நோயில் நல்ல மருந்துகூடத் தன்னை நிரூபிக்க முடியாமல் போகும். ஆபத்தான மருந்தின் ஆபத்து காலம் கடந்துதான் தெரியவரும். இந்த இரண்டுக்கும் பணமும் ஆளும் ஒதுக்கப்படுவது மிகக் குறைவு என்பதே எங்கள் ஆதங்கம்.

எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டுவடத் தசை நலிவு நோயை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 10,000 பிறப்புகளில் ஒன்றில் இது வருகிறது. எஸ்.எம்.என். என்ற புரதம் போதாமல், தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் தண்டுவடத்திலேயே மடிந்துபோகின்றன. காரணமான எஸ்.எம்.என்.1 மரபணுவை 1995-ல் பிரான்ஸில் ஜூடித் மெல்கியின் குழு கண்டறிந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஏறக்குறைய அதே அமைப்பில் எஸ்.எம்.என்.2 என்று ஒரு மரபணு பெரும்பாலும் எல்லோருக்கும் இருக்கிறது. புரதத்துக்கான குறிப்பைச் சுமக்கும் மரபணுத் துண்டுகளை எக்ஸான் என்பார்கள்; அதன் 7-ஆவது எக்ஸானில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதால், அது தருவதில் சுமார் பத்தில் ஒரு பங்கு புரதம்தான் முழுமையாக இருக்கும். இந்த இரண்டாவது மரபணுவிலிருந்து வரும் செய்தி கோக்கப்படும் விதத்தைத் திருத்தி வேலை வாங்குவதுதான் 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சென் மருந்தின் உத்தி. 2019-ல் மரபணு சிகிச்சையும் 2020-ல் வாய்வழி மருந்தான ரிஸ்டிப்ளாமும் வந்தன.

இவற்றுக்கு முன்னால் நடந்த வேலை அதிகம் பேசப்படுவதில்லை. மருந்தே இல்லாத காலத்தில், கடுமையான முதல் வகைக் குழந்தைகளைச் சில மையங்கள் விடாமல் தொடர்ந்து பார்த்தன. எந்த மாதத்தில் தலை நின்றது, எந்த மாதத்தில் விழுங்குவது சிரமமானது, எப்போது வெண்டிலேட்டர் தேவைப்பட்டது, எப்போது உயிர் பிரிந்தது என்று குறித்து வைத்தன. உட்காரவே முடியாத கைக்குழந்தையின் அசைவை அளக்க 16 அம்சங்களும் 64 புள்ளிகளும் கொண்ட ‘சாப் இன்டெண்ட்’ என்ற அளவுகோலை உருவாக்கினார்கள். மரபணு சிகிச்சையின் முதல் ஆய்வில் 15 குழந்தைகள்தான் இருந்தார்கள். மருந்துப்போலி கொடுக்கப்பட்ட ஒப்பீட்டுக் குழு கிடையாது. 20 மாத வயதில் அந்த 15 குழந்தைகளும் நிரந்தர வெண்டிலேட்டர் இல்லாமல் உயிரோடு இருந்தார்கள். பழைய பதிவுகளின்படி அந்த வயதில் அப்படி இருப்பவர்கள் 100-க்கு 8 பேர். வெறும் 15 குழந்தைகளை வைத்து உலகமே நம்பும் முடிவுக்கு வர முடிந்தது, அந்த 8 சதவீதம் என்ற கணக்கு ஏற்கெனவே கையில் இருந்ததால்தான். அந்தக் கணக்கைத் தந்த குழந்தைகள் எவரும் மருந்தைப் பார்க்கவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது.

காலத்தின் மதிப்பும் இந்த நோயில்தான் மிகத் தெளிவாகத் தெரிந்தது. அறிகுறி வந்த பிறகு நுசினெர்சென் தொடங்கப்பட்ட குழந்தைகளில் 51 சதவீதம் பேர் வளர்ச்சிப் படிகளில் முன்னேறினார்கள். ஒப்பீட்டுக் குழுவில் ஒருவரும் இல்லை. அறிகுறி தோன்றும் முன்பே, பிறந்த 6 வாரங்களுக்குள் மருந்து தொடங்கப்பட்ட 25 குழந்தைகளிலோ எல்லோரும் தாமாக உட்கார்ந்தார்கள், 22 பேர் தாமாக நடந்தார்கள். மருந்து ஒன்றுதான், தொடங்கிய நாள்தான் வேறு. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்திலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். சோதனை கெட்டுப்போகும் இடங்களும் சாதாரணமானவைதான்: அட்டையில் ஒரே வட்டத்தில் சொட்டு மேல் சொட்டாக விடுவது, ஈரம் காயும் முன் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது, வெயிலில் வைத்துக் காயவைப்பது. குறைந்தது 3 மணி நேரம் நிழலில் படுக்கைவாட்டில் காய வேண்டும். இன்னொன்று: இந்தச் சோதனை எஸ்.எம்.என்.1 மரபணுவின் 7-ஆவது எக்ஸான் இரண்டு பிரதியிலும் இல்லாதவர்களைத்தான் பிடிக்கும். சுமார் 5 சதவீதக் குழந்தைகளுக்கு ஒரு பிரதியில் சிறு எழுத்துப் பிழை இருக்கும், அவர்கள் தப்பிவிடுவார்கள். ஆகவே பிறந்தபோது ‘இல்லை’ என்று வந்திருந்தாலும், கைகால் தளர்ந்து, நாக்கு துடித்து, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கி வயிறு மட்டும் எழும்பும் குழந்தைக்கு மறுபடி சோதிக்க வேண்டும்.

ட்யூஷேன் தசைச் சிதைவு நோயின் வரலாறு இதற்கு நேரெதிர். சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது; 79 எக்ஸான்கள் கொண்ட, மனித மரபணுக்களிலேயே மிகப் பெரியதான டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் பிழை. மரபணு 1980-களின் இரண்டாம் பாதியிலேயே தெரிந்துவிட்டது. மருந்துகளும் வரிசையாக வந்தன, வரிசையாகத் தடுமாறின. டிரிசாபெர்சென் என்ற மருந்து சிறு ஆய்வில் நம்பிக்கை தந்தது. 2013-ல் 186 சிறுவர்களில் செய்த பெரிய ஆய்வில் மருந்துப்போலியைவிட மேல் என்று காட்ட முடியவில்லை. அட்டாலுரென் 2014-ல் ஐரோப்பாவில் நிபந்தனையுடன் அனுமதி பெற்றது. 230 சிறுவர்களில் நடந்த ஆய்வு அதன் முதன்மை இலக்கை எட்டவில்லை. 2025-ல் அந்த அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. மரபணு சிகிச்சையை 4 முதல் 7 வயதுச் சிறுவர்கள் 125 பேரில் சோதித்தபோது, 34 புள்ளி அளவுகோலில் ஓராண்டில் மருந்து பெற்றவர்களுக்கு 2.57 புள்ளி கூடியது. மருந்துப்போலி பெற்றவர்களுக்கும் 1.92 கூடியது. வித்தியாசம் 0.65 தான். புள்ளியியல்படி அது எதையும் நிரூபிக்கவில்லை.

மருந்து பெறாதவனுக்கு எப்படிப் புள்ளி கூடும்? இதுதான் இந்த நோயின் சிக்கல். 7 வயதுக்குக் கீழே உள்ள சிறுவன் தசை இழந்துகொண்டிருக்கும்போதே வளர்ந்துகொண்டும் இருக்கிறான். உயரம் கூடுகிறது, அடி நீள்கிறது, சொன்னதைப் புரிந்து செய்கிறான், ஸ்டீராய்டு உதவுகிறது. எனவே முதலில் ஏறி, சிறிது காலம் நின்று, பிறகு இறங்குகிறது அவனுடைய வரைபடம். 6 நிமிடத்தில் 400 மீட்டருக்கு மேல் நடக்கிற சிறுவன் அடுத்த ஓராண்டில் அதிகம் இழப்பதில்லை. 300 மீட்டருக்குக் கீழே வந்துவிட்டவன் வேகமாக இழக்கிறான். அவனிடம் மருந்தால் காப்பாற்ற மீதி தசையும் குறைவு. இருவரையும் ஒரே ஆய்வில் கலந்தால் மருந்தின் பலன் சத்தத்தில் மூழ்கிப்போகும். அட்டாலுரென் ஆய்வில் 300 முதல் 400 மீட்டர் வரை நடந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது சுமார் 43 மீட்டர் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் முதன்மை இலக்கைத் தவறவிட்ட ஆய்வில் ஒரு துணைக்குழுவின் கணக்கை மட்டும் காட்டினால் ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஐயத்தோடுதான் பார்க்கும். யாரைச் சேர்ப்பது என்று ஆய்வு தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடியது, மருந்து இல்லாத சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் அளந்த பதிவேடு மட்டுமே.

அளப்பது என்று சொல்வது எளிது. 6 நிமிட நடைச் சோதனைக்கு 25 மீட்டர் நேர்ப்பாதை வேண்டும். இரு முனையிலும் கூம்பு. சிறுவன் விழுந்தால் தூக்க ஒருவர் பின்னாலேயே நடக்க வேண்டும். முன்னால் நடந்தால் அவர் வேகத்தைச் சிறுவன் பிடித்துக்கொள்வான். உற்சாகப்படுத்தும் சொற்கள் எல்லாச் சிறுவர்களுக்கும், எல்லா முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ரத்தம் எடுத்து அழுத பிறகு நடக்கவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. போன முறை காலையில் வெறுங்காலோடு, இந்த முறை மாலையில் காலுறையோடு என்றால் ஒப்பிடவே முடியாது. மேலே சொன்ன 34 புள்ளி அளவுகோலான ‘நார்த் ஸ்டார்’ மதிப்பீட்டில் 17 செயல்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றினானா என்பது 2-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசம். அந்தக் கை ஊன்றல் ஒரு நொடியில் நடந்து முடிந்துவிடும். சிறுவனுக்கு அரைக்கால் சட்டை போட்டு, பக்கவாட்டில் நின்று பார்க்காதவர் தவறவிடுவார். அளப்பவர் மாறினால் மதிப்பெண் மாறும். அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே வீடியோவை எல்லோரும் தனித்தனியே மதிப்பிட்டு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்கிறோம்.

இந்தக் கண்டிப்பு வீண் பிடிவாதம் இல்லை. கணக்கு போட்டால் தெரியும். ஒரு மருந்து நடை தூரத்தில் 30 மீட்டர் வித்தியாசம் தரும் என்று வைத்துக்கொள்வோம். சிறுவர்களுக்கிடையே மாற்றத்தின் சிதறல் 80 மீட்டராக இருந்தால், வழக்கமான 80 சதவீத உறுதியோடு அந்தப் பலனைக் கண்டுபிடிக்க ஒரு குழுவுக்கு சுமார் 112 பேர் தேவை. சரியான சிறுவர்களைத் தேர்ந்து, ஒரே முறையில் அளந்து, சிதறலை 50 மீட்டருக்குக் கொண்டுவந்தால் 44 பேர் போதும். அரிய நோயில் 112-க்கும் 44-க்கும் இடையே உள்ள தூரம், ஆய்வு நடக்குமா நடக்காதா என்பதையே தீர்மானித்துவிடும்.

இனி நோயறிதல். அங்கேதான் பல ஆண்டுகள் வீணாகின்றன. ஓட முடியாத, அடிக்கடி விழுகிற, மாடிப்படியில் கைப்பிடியை இழுத்து ஏறுகிற, பின்னங்கால் சதை பெருத்த 3 வயதுச் சிறுவனுக்குச் செய்ய வேண்டிய முதல் சோதனை சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை. ட்யூஷேன் நோயில் அது பிறந்ததிலிருந்தே இயல்பைவிட 10 முதல் 100 மடங்கு வரை இருக்கும். பேச்சு தாமதம் என்று மட்டும் வருகிற சிறுவனுக்கும் இதை ஒருமுறை பார்ப்பது நல்லது. அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. வேறு எதற்கோ எடுத்த ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கூடியிருக்கும், கல்லீரல் கோளாறு என்று எண்ணி மாதக்கணக்கில் அலைவார்கள், சிலருக்குக் கல்லீரலில் ஊசி போட்டுத் திசுவே எடுக்கப்படும். இந்த இரு நொதிகளும் தசையிலும் உள்ளவை. ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் நொதி தசையிலிருந்து வருவதில்லை; அது இயல்பாக இருந்து மற்ற இரண்டும் கூடியிருந்தால், திசுவுக்குக் கை வைக்கும் முன் சி.பி.கே. பாருங்கள். தசையில் ஊசி போட்ட மறுநாளோ, தசையின் மின் இயக்கத்தை ஊசி நுழைத்துப் பார்க்கும் ஈ.எம்.ஜி. எடுத்த உடனேயோ, வலிப்பு வந்த பிறகோ பார்த்தால் சிறிதளவு கூடித் தெரியலாம்; அப்படியானால் இடைவெளி விட்டு மறுபடி பார்க்கலாம். பல்லாயிரக்கணக்கில் வரும் எண்ணுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

அடுத்து மரபணுச் சோதனை. ட்யூஷேன் சிறுவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஓர் எக்ஸானோ பலவோ அப்படியே இல்லாமல் இருக்கும். சுமார் 10 சதவீதத்தினருக்கு இரட்டித்திருக்கும். இவை இரண்டையும், ஒவ்வொரு எக்ஸானும் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணும் எம்.எல்.பி.ஏ. சோதனை காட்டும். மீதிப் பேருக்குச் சிறு எழுத்துப் பிழை. அதற்கு முழு மரபணுவையும் வாசிக்க வேண்டும். எம்.எல்.பி.ஏ. ‘இயல்பு’ என்று வந்ததும் நோய் இல்லை என்று அனுப்பிவிடுவது பெரிய பிழை. இன்னொரு பக்கம், ஒரே ஓர் எக்ஸான் மட்டும் இல்லை என்று வந்தால் அதை வேறு முறையில் உறுதிசெய்ய வேண்டும். சோதனையின் துணுக்கு ஒட்ட வேண்டிய இடத்தில் தீங்கற்ற எழுத்து மாற்றம் இருந்தாலும் எக்ஸான் இல்லாதது போலவே தெரியும்.

எந்த எக்ஸான் என்பது ஏன் அவ்வளவு முக்கியம்? நடுவில் ஒரு பெட்டி கழன்றுபோன ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பெட்டியின் கொக்கியும் பின்பெட்டியின் கொக்கியும் பொருந்தினால் ரயில் குட்டையாக இருந்தாலும் ஓடும். அதுதான் மிதமான பெக்கர் வகை. பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும், அதுதான் ட்யூஷேன். எக்ஸான் தாண்டும் மருந்துகள் இன்னொரு பெட்டியையும் கழற்றிக் கொக்கிகளைப் பொருத்துகின்றன. 50-ஆவது எக்ஸான் மட்டும் இல்லாதவனுக்கு 51-ஐத் தாண்ட வேண்டும்; 45 இல்லாதவனுக்கு 44-ஐ. எக்ஸான் 51 தாண்டும் மருந்து மொத்தச் சிறுவர்களில் சுமார் 13 சதவீதத்தினருக்கே பொருந்தும். 2016-ல் அனுமதி பெற்ற எடெப்ளிர்சென் தசையில் உண்டாக்கிய டிஸ்ட்ரோஃபின், இயல்பு அளவில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்பதையும் குடும்பங்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எல்லா மரபணுக்களின் எக்ஸான்களையும் ஒரே நேரத்தில் வாசிக்கும் எக்ஸோம் சோதனை செய்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை என்று அறிக்கையோடு வருகிறவர்கள் அதிகம். அந்த அறிக்கை எதைப் பார்க்காது என்று யாரும் சொல்லியிருப்பதில்லை. எஸ்.எம்.என்.1-ஐயும் எஸ்.எம்.என்.2-ஐயும் அது எளிதில் பிரித்தறியாது. எழுத்துகள் திரும்பத் திரும்ப நீளும் நோய்களை வழக்கமான எக்ஸோம் பெரும்பாலும் தவறவிடும். பிறவியிலேயே வரும் மயோடானிக் தசை நோயும் ஃப்ரீட்ரிக் அட்டாக்ஸியாவும் அந்த வகை. மயோடானிக் நோயைச் சந்தேகிக்கச் செலவே இல்லாத ஒரு வழி உண்டு. தளர்ந்துபோய், மேலுதடு கூடாரம் போல் நடுவில் உயர்ந்து, மூச்சுக்கும் பாலுக்கும் சிரமப்படும் பச்சிளம் குழந்தையின் தாயிடம் கையை இறுகப் பிடித்துவிட்டுச் சட்டென விடச் சொல்லுங்கள். விரல்கள் உடனே பிரியாமல் மெல்ல மெல்ல விரிந்தால், கேட்க வேண்டிய சோதனை எதுவென்று தெரிந்துவிடும். தனக்கு நோய் இருப்பதே அந்தத் தாய்க்குப் பல நேரம் தெரிந்திருக்காது. பழி சொல்வதாக ஆகாமல் பேச வேண்டிய இடம் அது.

சோதனைக்கு அனுப்பும் படிவத்தில் ‘வளர்ச்சிக் குறைபாடு, வலிப்பு’ என்று இரண்டு சொல் எழுதி அனுப்புகிறார்கள். ஆய்வகத்தில் பல்லாயிரம் மாற்றங்களிலிருந்து வடிகட்டுபவருக்கு அது போதாது. தலைச் சுற்றளவு, எந்த வயதில் எந்தத் திறன் வந்தது, எது போனது, சி.பி.கே. எண், எம்.ஆர்.ஐ. அறிக்கை, குடும்ப வரைபடம் எல்லாம் போக வேண்டும். முடிந்தால் தாய், தந்தை ரத்தமும் சேர்ந்தே போக வேண்டும்; குழந்தையில் புதிதாகத் தோன்றிய மாற்றத்தை அப்போதுதான் உடனே காண முடியும். ரத்தம் ஈ.டி.டி.ஏ. குழாயில்தான், ஹெப்பாரின் குழாயில் எடுத்தால் பி.சி.ஆர். வினையை அது தடுக்கும். அறிக்கையில் ‘வி.யு.எஸ்.’, அதாவது பொருள் இன்னும் உறுதியாகாத மாற்றம், என்றிருந்தால் நோய் உறுதி என்று பொருளில்லை, இல்லை என்றும் பொருளில்லை. கருவிலேயே முடிவெடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. மூலத் தரவுக் கோப்புகளைக் கேட்டு வாங்கி வைத்து, ஓரிரு ஆண்டு கழித்து மறுபடி அலசச் சொல்லுங்கள். புதிய மரபணுக்கள் தொடர்ந்து கண்டறியப்படுவதால், முன்பு விடை கிடைக்காதவர்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு மறு அலசலில் விடை கிடைக்கிறது.

விடை தெரிந்து என்ன ஆகப்போகிறது, மருந்துதான் இல்லையே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. நரம்பும் தசையும் சேரும் இடத்தில் கோளாறு ஏற்பட்டுத் தசை சோரும் பிறவி மயஸ்தீனியா நோய்களில் பெரும்பாலானவற்றுக்குப் பைரிடோஸ்டிக்மின் உதவும், ஆனால் டி.ஓ.கே.7, சி.ஓ.எல்.க்யூ. மரபணுப் பிழை உள்ளவர்களுக்கு அதே மருந்து நிலைமையை மோசமாக்கும், அவர்களுக்கு சால்பியூட்டமாலோ எஃபெட்ரினோ பலன் தரும். ட்ராவே நோய்க்குறியில், காய்ச்சலோடு முதல் வயதிலேயே ஒரு பக்கமாக நீண்ட வலிப்பு வரும் குழந்தைக்குக் கார்பமஸெபினும் ஃபெனிட்டாயினும் தொடர்ந்து கொடுத்தால் வலிப்பு கூடும். க்ளூட்-1 குறைபாட்டில் மூளைக்குச் சர்க்கரை போய்ச் சேருவதில்லை; 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிற்றில், முதலில் ரத்தச் சர்க்கரை எடுத்துவிட்டுப் பிறகு முதுகுத்தண்டு நீர் எடுக்க வேண்டும். வரிசை மாறினால் ஊசி வலியில் ரத்தச் சர்க்கரை ஏறி விகிதம் தவறாகும். தண்டுவட நீர்ச் சர்க்கரை பெரும்பாலானவர்களுக்கு டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் போகாது; கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து குறைந்த கீட்டோஜெனிக் உணவுமுறையால் பலருக்கு வலிப்பு அடங்குகிறது. எந்த மருந்துக்கும் அடங்காத பச்சிளம் குழந்தை வலிப்பில் 100 மில்லிகிராம் பைரிடாக்ஸினை நரம்பு வழி கொடுத்துப் பார்க்காமல் விடக் கூடாது. மூச்சு நின்றுவிடக்கூடும் என்பதால் சுவாசக் கருவி பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். இவை எல்லாம் பழைய, எளிய மருந்துகள். தேவைப்பட்டது சரியான பெயர் மட்டுமே.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். எக்ஸ் குரோமோசோம் வழி வரும் மயோடியூபுலர் தசை நோய்க்கான மரபணு சிகிச்சை ஆய்வில், பிறந்ததிலிருந்து வெண்டிலேட்டரில் இருந்த சிறுவர்கள் பலர் அதிலிருந்து விடுபட்டார்கள். அதே ஆய்வில் 2020, 2021-ல் 4 சிறுவர்கள் கல்லீரல் பாதிப்புக்குப் பிறகு இறந்தார்கள். அந்த நோயிலேயே பித்த ஓட்டம் தடைபடும் போக்கு உண்டு என்பது முன்பே ஓரளவு தெரிந்ததுதான். ஆனால் எத்தனை பேருக்கு, எந்த வயதில், எவ்வளவு என்று ஒழுங்காகப் பதிவாகியிருக்கவில்லை. மூச்சும் தசையும் அளக்கப்பட்ட அளவுக்குக் கல்லீரல் அளக்கப்படவில்லை. எங்கள் வாதத்துக்கு இதைவிடக் கனமான சான்று கிடையாது. ட்யூஷேன் மரபணு சிகிச்சைக்குப் பிறகும் 2025-ல், நடக்க முடியாத நிலையிலிருந்த இரண்டு பதின்ம வயதினர் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள்.

இந்தச் சிகிச்சையில் மரபணுவைச் சுமந்து செல்வது ஏ.ஏ.வி. என்ற வைரஸின் கூடு. ஒருமுறை ஏற்றியதும் உடல் அதற்கெதிராக வலுவான எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கிவிடும். இரண்டாம் முறை அதே கூட்டைப் பயன்படுத்த முடியாது. ஆய்வின் தொடக்கத்தில் குறைந்த அளவு பெற்ற குழந்தைக்குப் பிற்பாடு சரியான அளவைக் கொடுக்க வழியில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்.எம்.ஏ. மரபணு சிகிச்சைக்கு முதல் நாளே பிரெட்னிசோலோன் தொடங்கிக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். கல்லீரல் நொதிகள், தட்டணுக்கள், இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஊசி போட்டதோடு வேலை முடிந்தது என்ற எண்ணத்தைச் செய்தித் தலைப்புகள் உண்டாக்குவது எங்களுக்குக் கவலை தருகிறது.

பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது இது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடியோ எடுங்கள். கைபேசியைப் படுக்கைவாட்டில் பிடித்து, தலை முதல் பாதம் வரை தெரிய, பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். தேதியை வாயால் சொல்லுங்கள். தரையில் மல்லாந்து படுத்திருந்து எழுவது, 10 மீட்டர் ஓடுவது, 4 படி ஏறுவது, இரு கையையும் தலைக்கு மேல் தூக்குவது போதும். கைகொடுத்து உதவாதீர்கள். கைக்குழந்தை என்றால் சட்டையில்லாமல் மல்லாந்து கிடக்கும் 2 நிமிடம் போதும். மூச்சு விடும் விதமும் அதில் தெரியும். வலிப்பு வந்தால் முதலில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பிறகு போர்வையை விலக்கி, முகமும் இரண்டு கைகளும் தெரிய, நினைவு திரும்பும் வரை எடுங்கள். நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கற்ற திறன்களை இழக்கும் நோய்களில், கடைசியாகக் கரண்டியைத் தானே பிடித்த தேதி, கடைசியாகச் சொன்ன சொல், இவை மருத்துவர் எவராலும் பின்னால் கண்டுபிடிக்க முடியாத தகவல்கள். அப்படிப்பட்ட ஒன்றான ரெட் நோய்க்குறிக்கு 2023-ல் அனுமதி பெற்ற ட்ரோஃபினெடைட் 187 பெண்களிலும் சிறுமிகளிலும் சோதிக்கப்பட்டபோது, முதன்மை அளவீடுகளில் ஒன்று பராமரிப்பவர்கள் நிரப்பிய கேள்வித்தாள்தான். தாய் பார்த்து எழுதியதே சான்றானது.

மருத்துவமனைகளுக்குச் சில வார்த்தைகள். முதுகெலும்பு வளைந்த குழந்தையின் உயரத்தை அப்படியே வைத்து நுரையீரல் கொள்ளளவின் சதவீதத்தைக் கணக்கிட்டால், உயரம் குறைவாகத் தெரிவதால் சதவீதம் பொய்யாகக் கூடிக் காட்டும். முன்கை எலும்பின் நீளத்தை அளந்து அதிலிருந்து உயரத்தைக் கணக்கிட வேண்டும். தசைத் திசு எடுத்தால் ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள். திரவ நைட்ரஜனில் குளிரவைத்த ஐசோபென்டேனில் உறைய வைக்க வேண்டும். மெல்ல உறைந்தால் பனிப்படிகம் விழுந்து தசை இழைகள் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். பாதிக்கப்பட்ட தசை என்று தவறாகவும் படிக்கப்படும். நோயின் பெயர் தெரியும் முன்பே ஒரு குழந்தை கைவிட்டுப் போகும் நிலை வந்தால், மிகக் கடினமான அந்த நேரத்திலும், பெற்றோரிடம் மென்மையாகக் கேட்டு, 2 அல்லது 3 மில்லி ஈ.டி.டி.ஏ. ரத்தம், 3 மில்லிமீட்டர் தோல் துணுக்கு, உறைய வைத்த சிறுநீர் எடுத்து வையுங்கள். விடை பிறகு கிடைக்கலாம். அடுத்த குழந்தையைப் பற்றி அந்தக் குடும்பம் முடிவெடுக்க அது ஒன்றே துணை.

ஆராய்ச்சிக்கு நிதி வழங்குபவர்களிடம் எங்கள் கோரிக்கை: மருந்து கையில் இல்லாத நோய்களுக்கும் குறைந்தது 3 ஆண்டு தொடரும் பதிவேடுகளுக்கு நிதி கொடுங்கள். ஒரே அளவுகோல், பயிற்சி பெற்ற அளப்பவர், வெவ்வேறு மையங்களின் தரவு ஒன்றோடொன்று சேரும் படிவம், விலகிச் செல்லும் குடும்பத்தைத் திரும்ப அழைக்க ஒரு ஆள். பதிவேடுகள் சாவது பெரும்பாலும் அந்தக் கடைசி ஆள் இல்லாததால்தான்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு மருந்தைப் பற்றிச் செய்தி வரும்போது, எத்தனை குழந்தைகளில் சோதிக்கப்பட்டது, அவர்களின் வயது என்ன, எந்த மரபணுப் பிழை உள்ளவர்களுக்குப் பொருந்தும், எதோடு ஒப்பிட்டார்கள், என்ன அளந்தார்கள், எத்தனை மாதம் தொடர்ந்து பார்த்தார்கள், யாருக்கு என்ன கெடுதல் நேர்ந்தது என்று செய்தியாளர் கேட்டு எழுதட்டும். ஏழே கேள்விகள்தான். பதில் கிடைக்காத கேள்வி எது என்பதையும் அச்சிடுங்கள். அந்தச் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வருகிற பெற்றோருக்கு அது உடனே பயன்படும்.

இப்படிக்கு,
குழந்தை நரம்பியல், மரபணு ஆலோசனை, பிசியோதெரபி துறைகளில் பணியாற்றும் குழுவினர்